அறையும் சேர்ந்தே பாடுகிறது: வீட்டில் இசைப்பதிவு தொடங்குவோருக்கு ஓர் எளிய விளக்கம்

வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்வது என்று முடிவெடுத்தவர் முதலில் கேட்கும் கேள்வி, எந்த மைக் வாங்கலாம் என்பதுதான். மைக் வந்து சேர்கிறது. பதிவைப் போட்டுக் கேட்டால் குரல் எங்கோ கிணற்றடியிலிருந்து வருவதுபோல் இருக்கிறது. உடனே இரண்டாவது கேள்வி எழுகிறது: இதைவிட விலை கூடிய மைக் எது? அதை வாங்கியும் கிணறு போகவில்லை என்றால், சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது ஒருவர் சொல்வார். நானும் இந்த வரிசையில் ஒரு படிகூடத் தவறாமல் நடந்தவன் என்பதால் சொல்கிறேன்: இங்கே மூன்று வெவ்வேறு சிக்கல்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. வெளிச்சத்தம் உள்ளே வருவது ஒன்று. உள்ளே எழும் ஒலி சுவர்களில் மோதித் திரும்புவது இன்னொன்று. கருவியின் தரம் மூன்றாவது. பெரும்பாலான வீட்டுப் பதிவுகளைக் கெடுப்பது இரண்டாவது சிக்கல். பெரும்பாலான பணம் செலவாவதோ மூன்றாவதன்மேல்.

ஆகவே இந்தக் கட்டுரை மைக்கைவிட அறையைப் பற்றியே அதிகம் பேசும். கர்நாடக சங்கீதம் பாடும் ஒருவர், தன் அடுக்குமாடி வீட்டின் அறையில், ஒரு மைக்கையும் ஒரு கணினியையும் வைத்துக்கொண்டு பதிவு செய்கிறார் என்பதை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். திரையிசைப் பாடலோ கிதார் இசையோ, எதைப் பதிவு செய்பவருக்கும் அடிப்படை இதேதான்.

காலி வீடும் குடியேறிய வீடும்

வாடகை வீடு மாறியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். சாமான்கள் வருவதற்கு முன்னால் காலி வீட்டில் நின்று பேசினால் நம் குரலே நமக்கு அந்நியமாக, பெரிதாக, முழங்கிக் கேட்கும். கட்டில், மெத்தை, பீரோ, திரைச்சீலை எல்லாம் உள்ளே வந்து ஒரு வாரம் ஆனபின் அந்த முழக்கம் எங்கே போனது என்றே தெரியாது. சுவர் மாறவில்லை, குரலும் மாறவில்லை. மாறியது, சுவரில் பட்டுத் திரும்பிய ஒலியை வாங்கிக்கொள்ள ஏதாவது இருந்ததா இல்லையா என்பது மட்டுமே.

நம் வாயிலிருந்து கிளம்பும் ஒலி, நேராக ஒரு பாதையில் மட்டும் மைக்கைச் சென்றடைவதில்லை. அது எல்லாப் பக்கமும் பரவி, சுவர், தரை, கூரை, சன்னல் கண்ணாடி ஆகியவற்றில் மோதி, சற்றுத் தாமதமாகப் பல திசைகளிலிருந்து மைக்குக்கு வந்து சேர்கிறது. முதலில் நேராக வருவதை நேரொலி என்றும், மோதித் திரும்பி வருவதை எதிரொலிப்பு என்றும் இக்கட்டுரையில் அழைப்போம். முப்பது டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்லும். பன்னிரண்டடி நீளமுள்ள அறையில் அது ஒரே விநாடியில் நூறு முறைக்குக் கொஞ்சம் குறைவாகச் சுவருக்குச் சுவர் ஓடித் தீர்க்கிறது.

அப்படியானால் நாம் ஏன் அன்றாடம் இதைக் கவனிப்பதில்லை? காரணம், நம் காதுகளும் மூளையும் சேர்ந்து செய்யும் ஒரு வேலை. முதலில் வந்து சேரும் ஒலியையே மூளை மூல ஒலியாக எடுத்துக்கொள்கிறது. சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகள் கழித்து வரும் எதிரொலிப்புகளைத் தனி ஒலிகளாகக் கேட்காமல் அதனோடு சேர்த்துவிடுகிறது. ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1949-இல் பேச்சொலியைக் கொண்டு இதை விரிவாக அளந்தார். இரண்டு காதுகள் இருப்பதும் இதற்குத் துணை நிற்கிறது. உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒருவரைப் பேசச் சொல்லிவிட்டு, ஒரு காதை விரலால் நன்றாக அடைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். அறையின் முழக்கம் சட்டென்று கூடிவிட்டதுபோல் தோன்றும்.

மைக் என்பது அந்த ஒற்றைக் காது. அதற்குப் பின்னால் மூளையும் இல்லை. எதை நேரொலியாக ஏற்பது, எதை ஒதுக்குவது என்ற தீர்மானம் எதுவும் இல்லாமல், தன்மீது பட்ட காற்றழுத்த மாற்றம் முழுவதையும் அது மின்சாரமாக மாற்றி அனுப்புகிறது. விலை கூடிய மைக் இதையே இன்னும் நுட்பமாகச் செய்யும், அதாவது உங்கள் அறையின் குறைகளை இன்னும் துல்லியமாகப் பதிவு செய்யும். கிணற்றடிக் குரலுக்கு மைக்கை மாற்றித் தீர்வு காண முடியாமல் போவது இதனால்தான்.

எதிர்முழக்கம்: அறையை எண்ணால் அறிதல்

ஓர் அறையில் ஒலியை நிறுத்திய பிறகும் அது எதிரொலிப்புகளாகத் தங்கியிருந்து மெல்ல மறைவதை எதிர்முழக்கம் என்கிறார்கள். ஒலியின் அளவு 60 டெசிபல் குறைவதற்கு, அதாவது அதன் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகச் சுருங்குவதற்கு, எடுத்துக்கொள்ளும் காலம் எதிர்முழக்க நேரம் எனப்படும். டெசிபல் என்பது ஒலியின் அளவை ஒப்பிட்டுச் சொல்லும் அலகு. பொதுவாக 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு சத்தமாகத் தோன்றும் என்று மட்டும் நினைவில் வைத்தால் இங்கே போதும்.

இதை முதலில் கணக்காக்கியவர் வாலஸ் கிளெமென்ட் சபைன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895-இல் திறக்கப்பட்ட ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அரங்கில், பேராசிரியர் பேசியது யாருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் மறைவதற்கு ஐந்து விநாடிக்கும் மேல் ஆனதால் அடுத்தடுத்த சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. இளம் இயற்பியல் ஆசிரியரான சபைனிடம் சரிசெய்யும் பொறுப்பு வந்தது. அவர் இரவு வேளைகளில், அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, ஒலி மறையும் நேரத்தை அளந்தார். மெத்தைகள் கூடக்கூட நேரம் குறைந்தது. அறையின் கன அளவு கூடினால் எதிர்முழக்க நேரம் கூடும், ஒலியை உட்கவரும் பரப்பு கூடினால் அது குறையும் என்ற எளிய விதி அப்படித்தான் கிடைத்தது. அவர் வகுத்த கணக்கைக் கொண்டு அமைக்கப்பட்ட பாஸ்டன் சிம்ஃபனி அரங்கம் 1900-இல் திறக்கப்பட்டது.

சபைனின் கணக்கில் எனக்குப் பிடித்தது அதன் அலகு. ஒரு பொருள் எவ்வளவு ஒலியை உட்கவர்கிறது என்பதைத் திறந்த சன்னலோடு ஒப்பிட்டார். திறந்த சன்னலின்மீது படும் ஒலி வெளியே போய்விடும், திரும்பாது. அதனால் ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னல்தான் முழு மதிப்பெண்.

நம் எடுத்துக்காட்டு அறைக்கு வருவோம். பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம், பத்தடி உயரம். கன அளவு ஏறத்தாழ 34 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 63 சதுர மீட்டர் பரப்பு. பூசிய சிமெண்டுச் சுவரும் டைல்ஸ் தரையும் தம்மீது படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே உட்கவரும் என்று வைத்தால், அந்த 63 சதுர மீட்டரும் சேர்ந்து இரண்டு சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குக்கூட ஈடாகவில்லை. சபைனின் கணக்குப்படி காலி அறையின் எதிர்முழக்க நேரம் மூன்று விநாடிக்குச் சற்றுக் குறைவு. சிறிய படுக்கையறைக்குள் ஒரு கோயில் மண்டபம்.

அதே அறைக்குள் எட்டு சதுர மீட்டர் திறந்த சன்னலுக்கு ஈடான மென்மையான பொருள்களைக் கொண்டுவந்தால் நேரம் அரை விநாடியளவுக்கு இறங்கிவிடுகிறது. இரண்டு தடித்த மெத்தைகள், துணி நிறைந்து கதவு திறந்துவைத்த பீரோ, மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரைச்சீலை, பாடுகிறவரின் உடல் எல்லாம் சேர்ந்தால் இந்த அளவு வந்துவிடும். எதையும் புதிதாக வாங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதுவரை பார்த்தது: மைக் குரலோடு அறையையும் பதிவு செய்கிறது, வெறுமையான சிமெண்டு அறை ஒலியை ஏறத்தாழ முழுவதுமாகத் திருப்பி அனுப்புகிறது, வீட்டிலுள்ள மென்மையான, தடித்த பொருள்கள் அதைப் பெருமளவு குறைக்கின்றன.

ஒரு சாண் தூரம்

அறையை மாற்றாமலே பதிவை மாற்றக்கூடிய முதல் வழி தூரம். நேரொலி தூரத்துக்கேற்பக் குறையும். வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரம் இரட்டிப்பானால் நேரொலி 6 டெசிபல் குறைகிறது. ஆனால் எதிரொலிப்புகள் அறை முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் நிரம்பி நிற்கின்றன. நீங்கள் மைக்கை எங்கே தள்ளி வைத்தாலும் அவை அங்கே இருக்கும். எனவே மைக் விலக விலகக் குரல் குறைகிறது, அறை அப்படியே நிற்கிறது. ஏதோ ஒரு தூரத்தில் இரண்டும் சமமாகிவிடும். அதை எல்லைத் தூரம் என்போம்.

நம் காலி அறையில் எல்லைத் தூரம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர்தான். அதற்கு அப்பால் வைத்த மைக்கில் குரலைவிட அறையே அதிகம். மெத்தையும் துணியும் வந்தபின் எல்லைத் தூரம் 45 சென்டிமீட்டருக்கு விலகுகிறது. இவை எல்லாத் திசையிலிருந்தும் சமமாக வாங்கும் மைக்குக்கான கணக்குகள். முன்பக்கத்தை அதிகம் கேட்கும் மைக்குக்கு இத்தூரம் ஒன்றேமுக்கால் மடங்கு அளவுக்கு நீளும். எப்படியானாலும் முடிவு ஒன்று: வீட்டில் பாடும்போது மைக் ஒரு சாண் தூரத்தில், அதாவது 20 முதல் 25 சென்டிமீட்டருக்குள் இருப்பது பாதுகாப்பானது. அதற்காக உதட்டை ஒட்டியும் வைக்கக் கூடாது. முன்பக்கம் கேட்கும் மைக்குகள் மிக அருகில் வரும்போது கீழ்ச்சுரங்களை இயல்புக்கு மேல் பெருக்கிக் காட்டும். ‘ப’, ‘ப்ப’ போன்ற எழுத்துகளின் காற்றும் நேரே மோதும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்து வாயை நோக்கித் திருப்பினால் பாதிக் காற்று தாண்டிப் போய்விடும். மீதிக்கு ஒரு பாப் ஃபில்டர், அதாவது வளையத்தில் கட்டிய மெல்லிய வலைத்துணி, போதும்.

இங்கே அடிக்கடி நிகழும் தவறொன்றைச் சொல்ல வேண்டும். மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, ஒலி குறைவாக வருகிறதே என்று கெயினைக் கூட்டுகிறார்கள். கெயின் என்பது மைக்கிலிருந்து வரும் மின்னலையைப் பெருக்கும் அளவு. அது குரலையும் அறையையும் மின்விசிறியையும் ஒரே விகிதத்தில் பெருக்கும். பாலில் தண்ணீர் கலந்துவிட்டபின் டம்ளரைப் பெரிதாக்குவதால் பால் கெட்டியாவதில்லை.

தூரத்தின் அருமை பழைய பதிவாளர்களுக்குத் தெரியும். 1902 நவம்பரில் கிராமபோன் நிறுவனப் பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் விடுதி அறைகளைத் தற்காலிகப் பதிவுக்கூடமாக்கி, பாடகி கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தபோது மைக்கும் இல்லை, கெயினும் இல்லை. புனல் வடிவக் கொம்புக்குள் பாட வேண்டும். அந்தக் கொம்புக் காலத்தில், 1925-இல் மின்முறைப் பதிவு வரும்வரை, சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் இருந்த முக்கியக் கருவி, பாடுகிறவர் நெருங்குவதும் விலகுவதும்தான். இன்றும் மேல் ஷட்ஜத்தைத் தொடும்போது தலையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும் பாடகர் அதே வேலையைத்தான் செய்கிறார்.

மேசைமேல் மைக்கை வைப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. மேசைப் பலகையில் பட்டுத் திரும்பும் ஒலி நேரொலிக்கு மிகச் சிறிது நேரம் பிந்தி, ஏறத்தாழ அதே வலிமையோடு வருகிறது. 35 சென்டிமீட்டர் கூடுதல் பாதை என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி தாமதம். ஒலி விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதிர்வெண், அதன் அலகு ஹெர்ட்ஸ். அப்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று இடையிடையே சில அதிர்வெண்களில் நேரொலியும் திரும்பிய ஒலியும் ஒன்றையொன்று அடித்துக் குறைத்துக்கொள்ளும். குடத்துக்குள் பேசியதுபோன்ற அந்த ஒலியைப் பிறகு எந்த மென்பொருளாலும் சரியாக நீக்க முடியாது. மைக்கைத் தனி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், அல்லது மேசைமேல் ஒரு தடித்த போர்வையையாவது விரியுங்கள்.

முட்டை அட்டை ஏன் உதவுவதில்லை

பஞ்சு நீரை உறிஞ்சும். ஆனால் பஞ்சால் அணை கட்ட முடியாது. கருங்கல்லால் அணை கட்டலாம். ஆனால் அது நீரை உறிஞ்சாது. ஒலியிலும் இப்படி இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. அறைக்குள் எழுந்த ஒலி திரும்பாமல் வாங்கிக்கொள்வது உட்கவர்தல். ஒரு பக்கத்து ஒலி மறுபக்கம் போகாமல் நிறுத்துவது தடுத்தல். உட்கவர்வதற்கு வேண்டியது காற்று நுழையக்கூடிய நார்ப்பொருளும் தடிமனும். தடுப்பதற்கு வேண்டியது எடையும் இடுக்கில்லாத அடைப்பும். வீட்டில் ‘சவுண்ட் ப்ரூஃப்’ செய்யப்போகிறேன் என்று சொல்லும் பலர், தடுத்தலை மனத்தில் வைத்துக்கொண்டு உட்கவரும் பொருளை வாங்கி வருகிறார்கள். தெருவில் போகும் ஆட்டோவின் ஹாரன், ஒட்டிய ஃபோமை எந்த மரியாதையும் இல்லாமல் கடந்து வருகிறது.

முட்டை அட்டையோ இரண்டு வேலைக்கும் உதவாது. எடை இல்லாததால் தடுக்காது. மெல்லிய காகிதக்கூழ் என்பதால், உயர்ந்த அதிர்வெண்களில் கொஞ்சத்தைத் தவிர எதையும் உட்கவராது. எளிதில் தீப்பற்றும் என்பது கூடுதல் காரணம். மேடுபள்ளமான தோற்றம் பதிவுக்கூடச் சுவர்களை நினைவூட்டுவதால்தான் இந்த நம்பிக்கை பிழைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

தடிமன் ஏன் தேவை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நார்ப்பொருள் ஒலியை வாங்குவது உராய்வின் மூலம். நார்களுக்கிடையே காற்று முன்னும் பின்னும் அசையும்போது அதன் ஆற்றல் மிகச் சிறிதளவு வெப்பமாகிக் கரைகிறது. ஆனால் சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைய முடியாது. சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளியிருக்கும் இடத்தில்தான் அசைவு மிக அதிகம். அலைநீளம் என்பது ஓர் ஒலியலை ஒரு முழு அதிர்வுக்குள் கடக்கும் தூரம். ‘ஸ’, ‘ஷ’ எழுத்துகளின் உயர்ந்த ஒலிகளுக்கு அது சில சென்டிமீட்டர்தான். 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு மூன்றரை மீட்டர், அதில் கால்பங்கு 87 சென்டிமீட்டர். ஆகையால் சுவரில் ஒட்டிய இரண்டு விரல்கடை ஃபோமும், தொங்கவிட்ட ஜமக்காளமும் உயர்ந்த ஒலியை மட்டும் தின்றுவிட்டுத் தாழ்ந்த ஒலியை அப்படியே விட்டுவிடும். குரலின் பளபளப்பு போய், முழக்கம் மட்டும் மிஞ்சும். மலிவான ஃபோமைச் சுவர் முழுக்க ஒட்டிய அறைகள் மூச்சுமுட்டுவதுபோல் ஒலிப்பதற்கு இதுவே காரணம்.

இலவம்பஞ்சு மெத்தை இந்த வகையில் ஒரு சிறந்த பொருள். நல்ல தடிமன், காற்று நுழையும் நார், பெரிய பரப்பு. அதைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு நிமிர்த்தி வைத்தால், காற்று அசையும் பகுதிக்கு அது நகர்ந்துவிடுவதால், அதே மெத்தை இன்னும் தாழ்ந்த ஒலிகளையும் வாங்கும்.

வெளிச்சத்தத்தைப் பொறுத்தவரை வீட்டில் செய்யக்கூடியது சொற்பமே. செங்கற்சுவர் தன் எடையால் ஏற்கெனவே நன்றாகத் தடுக்கிறது. ஒழுகுவது கதவின் கீழிடுக்கும் சன்னல் சட்டமும். ஒரு பழைய சேலையைச் சுருட்டிக் கதவடியில் செருகுவது, சன்னல் ஓரங்களில் ரப்பர் பட்டை ஒட்டுவது, பிறகு நேரத்தைத் தேர்ந்தெடுப்பது. சாதகத்துக்கு உகந்ததென்று சொல்லப்படும் விடியற்காலை பதிவுக்கு அவ்வளவாக ஒத்துவருவதில்லை. காகங்கள் நம்மைவிட முன்னதாக எழுந்துவிடுகின்றன. என் தெருவில் இரவு பதினொன்றுக்குப் பிறகுதான் அமைதி.

ஊஞ்சலைப் போன்ற அறை

ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சிறு விசையிலேயே அது பெரிதாக ஆடும். அறைக்கும் இப்படிச் சில இயல்பான அதிர்வெண்கள் உண்டு. இரு எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஓர் ஒலியலையின் பாதி நீளம் சரியாகப் பொருந்திவிட்டால், போகும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றையொன்று வலுப்படுத்தி, சில இடங்களில் பெருத்தும் சில இடங்களில் அற்றும் போய் நிலைத்துவிடும். இதற்கு நிலை அலை என்று பெயர். பன்னிரண்டடி நீளத்துக்கு இவை ஏறத்தாழ 48, 95, 143 ஹெர்ட்ஸ். பத்தடி அகலத்துக்கு 57, 114. நம் அறையில் உயரமும் பத்தடி என்பதால் அதே 57-உம் 114-உம் இரண்டாம் முறையும் சேர்ந்துகொள்கின்றன. சமமான அளவுகள் கொண்ட அறை பதிவுக்கு ஆகாது என்று சொல்வது இதனால்தான்.

இசையில் இதன் பொருள் என்ன? ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் மந்தர பஞ்சமம் ஏறத்தாழ 98 ஹெர்ட்ஸ். அது 95-க்கு அருகில் இருப்பதால், அந்தச் சுரத்துக்கு இறங்கும்போது மட்டும் குரல் வீங்கிக் கேட்கலாம். அறையின் நடுவில் நின்றால் அதே சுரம் பெருக்கும், கால்பங்கு தூரத்தில் நின்றால் மெலியும். பாடகரிடம் குறையில்லை, நின்ற இடம் அப்படி. ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. மிருதங்கத்தின் தொப்பிக்கும் வீணையின் மந்தரத் தந்திக்கும் அதிகம்.

தாழ்ந்த ஒலிகளை மெத்தையால் அடக்குவது கடினம் என்று முன்பே பார்த்தோம். ஆகவே எளிய வழி, இடம் மாறுவதே. மூலையில் எல்லா நிலை அலைகளும் உச்சத்தில் இருக்கும் என்பதால் அங்கே நிற்க வேண்டாம். அறையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் தொடங்கி, கீழ்ச்சுரங்களை நீட்டிப் பாடிக்கொண்டே ஓரடி இப்படி, ஓரடி அப்படி நகர்ந்து பதிவு செய்து பார்த்தால், எல்லாச் சுரமும் சமமாக வரும் இடம் ஒன்று அகப்படும். அகப்பட்டதும் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவிடுங்கள்.

மெத்தையை எங்கே நிறுத்துவது

இதற்கு மைக்கின் திசைக்கோலத்தை, அதாவது அது எந்தப் பக்கத்திலிருந்து வரும் ஒலியை எவ்வளவு வாங்குகிறது என்பதை, அறிய வேண்டும். வீட்டில் பயன்படும் பெரும்பாலான மைக்குகள் கார்டியாய்டு வகை. முன்பக்கத்தை முழுதாகவும், பக்கவாட்டைப் பாதியளவும் வாங்கி, நேர் பின்பக்கத்தைப் பெருமளவு ஒதுக்கும். வரைபடத்தில் இதயத்தின் வடிவில் இருப்பதால் அந்தப் பெயர்.

பாடகர் மைக்கைப் பார்க்கிறார். மைக் பாடகரைப் பார்க்கிறது. அப்படியென்றால் மைக்கின் கண்ணுக்கு நேரே இருப்பது பாடகரும் அவர் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவரும். எதிரே போன குரல் அறையைச் சுற்றி அந்தச் சுவரில் பட்டுத் திரும்பினால் நேராக மைக்குக்குள் விழும். எனவே முதல் மெத்தை பாடகரின் முதுகுக்குப் பின்னால். கடைகளில் விற்கும், மைக்கின் பின்னால் பொருத்தும் வளைந்த ஃபோம் தட்டு, மைக் ஏற்கெனவே கேட்காத பக்கத்தில்தான் பெரும்பாலும் நிற்கிறது. இரண்டாவது மெத்தை பக்கச்சுவரில். தரைக்கு, தரையில் உட்கார்ந்து பாடுகிறவர்கள் தடித்த போர்வையை இரண்டாக மடித்து விரித்துக்கொள்ளலாம். கோரைப்பாய் உட்காரச் சுகமானது, ஒலிக்குப் போதாது.

சுருக்கமாக: ஒரு சாண் தூரம், முதுகுக்குப் பின் மெத்தை, மூலையைத் தவிர்த்த இடம், நிறுத்திய மின்விசிறி. இந்த நான்கும் அமைந்தபின் மைக்கின் விலை பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு.

மைக்கும் அளவும்

டைனமிக் மைக்கில் ஒலியால் அசையும் சவ்வோடு ஒரு கம்பிச்சுருள் காந்தத்துக்குள் ஆடி மின்சாரம் உண்டாக்குகிறது. கண்டென்சர் மைக்கில் மிக மெல்லிய சவ்வும் ஒரு தகடும் மின்னேற்றத்தைத் தாங்கி நிற்க, சவ்வின் அசைவே மின்மாற்றமாகிறது. இதற்கு வெளியிலிருந்து, பெரும்பாலும் 48 வோல்ட், மின்சாரம் தர வேண்டும். கண்டென்சர் நுட்பமான கமகங்களையும் வீணையின் நாதத்தையும் தெளிவாகப் பிடிக்கும். அறை சரியில்லாத வீட்டில், அருகில் வைத்துப் பாடும் டைனமிக் மைக்கே என் தேர்வு.

மைக்கின் மின்னலையைக் கணினிக்கு ஏற்ற எண்களாக மாற்றும் பெட்டி ஆடியோ இன்டர்ஃபேஸ். அது ஒலியலையின் உயரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து குறித்துக்கொள்கிறது. மனிதக் காது கேட்கக்கூடிய உச்சம் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். அதன் இரு மடங்குக்கு மேல் அளந்தால் அலையை முழுமையாக மீட்கலாம் என்பது நிறுவப்பட்ட கணிதம். 1982-இல் விற்பனைக்கு வந்த சிடி 44,100 முறை அளந்ததும் அதனாலேயே. 44,100 அல்லது 48,000 என்று அமைத்துவிட்டு அதை மறந்துவிடலாம். ஒவ்வோர் அளவையும் எத்தனை நுணுக்கமாக எழுதுவது என்பது பிட் ஆழம். 16 பிட்டில் 96 டெசிபல் வீச்சும் 24 பிட்டில் கொள்கையளவில் 144 டெசிபல் வீச்சும் கிடைக்கும். பதிவுக்கு 24 பிட்டே ஏற்றது. காரணம், அதில் அளவைத் தாழ்த்தி வைக்கத் துணிவு வரும்.

அளவுமானியில் உச்சம் 0. அதற்குமேல் எழுத எண் கிடையாது. ஆகவே அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். இதைக் கிளிப்பிங் என்பார்கள். ஒருமுறை வெட்டுப்பட்டது திரும்ப வராது. பாட்டின் மிக ஓங்கிய இடத்தை முழுக் குரலில் பாடி, அப்போது மானி −12 அருகில் நிற்குமாறு கெயினை வையுங்கள். சோதனையின்போது எல்லாரும் அடக்கித்தான் பாடுகிறார்கள். பாட்டுக்குள் போனபின் குரல் எழும்பிவிடும், அதற்கான இடம்தான் இந்தப் பன்னிரண்டு. சத்தத்தைப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம்.

தம்புராவைத் தின்னும் கைப்பேசி

மைக்கே வாங்காமல் கைப்பேசியில் பதிவு செய்பவர்களும் மேற்சொன்ன அறை, தூரம், இடம் ஆகியவற்றால் முழுப் பயன் பெறலாம். ஆனால் கைப்பேசியின் பல செயலிகள் பேச்சுக்காக உருவானவை. பேச்சு விட்டுவிட்டு வரும், இரைச்சல் மாறாமல் நீடிக்கும் என்ற அனுமானத்தில், மாறாத ஒலியைக் கண்டுபிடித்து அழிப்பதே இரைச்சல் நீக்கத்தின் வேலை. தம்புராவும் சுருதிப்பெட்டியும் செய்வதோ மாறாமல் நீடிப்பதுதான். எனவே செயலி அவற்றை மின்விசிறியென்று எண்ணித் துடைக்கிறது. நீண்ட கார்வைகளின் வால் அறுபடுவதும் இதனால்தான். இணையவழி சங்கீத வகுப்பு எடுத்த ஆசிரியர்கள் பலருக்கு இது பழகிய துன்பம். இன்னொன்று தானியங்கி அளவுக் கட்டுப்பாடு. நீங்கள் பாடி நிறுத்தியதும் அது கெயினை உயர்த்துவதால் பின்னணிச் சத்தம் அலைபோல் எழும்பி வரும். இவ்விரண்டையும் அணைக்க வழி தரும் பதிவுச் செயலியையே பயன்படுத்துங்கள். சுருதியை அறைக்குள் ஒலிக்கவிடாமல் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு பாடி, பின்னர் தனித்தடமாகச் சேர்ப்பது நல்லது. ஒரு காதில் மட்டும் ஹெட்ஃபோன் வைத்துக்கொண்டால் சொந்தக் குரலின் சுருதியும் பிடிபடும்.

இன்றிரவே செய்து பார்க்க ஒரு சோதனை. முதலில் ஏதும் செய்யாமல் பத்து விநாடி அமைதியைப் பதிவு செய்யுங்கள். பிறகு ஒருமுறை கைதட்டுங்கள். அடுத்து ஒரே கீர்த்தனையின் பல்லவியை மைக்கிலிருந்து ஒரு சாண், இரண்டு சாண், நான்கு சாண் தூரங்களில் பாடுங்கள். மறுநாள் காலை மூன்றையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். அதன்பின் மெத்தையை முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, நான்கு சாண் பதிவை மட்டும் மீண்டும் ஒருமுறை எடுத்து, முந்தைய நான்கு சாண் பதிவோடு அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள்.